கரண்டு இல்லாத ரெண்டு மணி நேரம்

அண்ணே. ஏ அண்ணே.

நீ போயி ஒரு வருசத்துக்கு மேல ஆகிப்போச்சு. இன்னும் நம்ம தெருவுல உன் பேச்சு ஓயல. டீக்கடையில, தண்ணிக் கொழாயில, எங்கன நின்னாலும் காதுல விழுகுது. "நல்ல பய தான் பாவம். ஆனா அசட்டைக்காரன். சுவிச்ச அமத்தாம தண்ணிக்குள்ள கைய விட்டுட்டான்"னு சொல்றாக. நம்ம அம்மாவும் அதையே சொல்லிச் சொல்லித்தான் அழுதுச்சு. நீ அசட்டையா இல்லண்ணே. அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருந்துச்சு. தெரிஞ்சும் வாயத் தொறக்காம இருந்தேன். அதான் இத எழுத உக்காந்தேன்.

படிக்கிறவுகளுக்கு ஒண்ணு சொல்லிர்றேன். நான் எட்டாப்போட நின்னவ. அதுக்கப்பறம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல வேலைக்குப் போனவ. எழுதத் தெரியாது, பேசுறாப்ல தான் வரும். எங்கயாச்சும் தப்பா இருந்தா பொறுத்துக்கங்க.

எங்க ஊரு தேனிப் பக்கம் கூடலூரு. இதத் தாண்டுனா மலை ஏறி குமுளி, அங்கனருந்து கேரளா. நான் போற ஏலத்தோட்டமும் அந்தப் பக்கந்தான். அண்ணன் மினி லாரி ஓட்டுச்சு. ஒரு நா விட்டு ஒரு நா சாயந்தரம் தக்காளி, முருங்கக்கா, பீட்ரூட்டுன்னு ஏத்திக்கிட்டு ஆலப்புழைக்குப் போகும். விடியக்குள்ள எறக்கிட்டு மறுநா மத்தியானம் வீட்டுக்கு வந்துரும். அங்கன காய் எடுக்குற முதலாளி வீட்டுல ஒரு கண்ணாடித் தொட்டியப் பாத்துருக்கு. அன்னையிலருந்து ஒரு வாரம் சோறு திங்கையிலயும் அதே பேச்சு தான்.

"கலர் மீனு நம்ம கம்பத்துலயே விக்கிறாகளேண்ணே"ன்னு நான் கேட்டேன்.

"ஏ புள்ள, அது நல்ல தண்ணி மீனு. இது கடல் மீனு. செவப்புல வெள்ளப் பட்ட போட்டது. அந்த அழக நீ பாக்கணும்."

அம்மா அடுப்படியிலருந்து, "கடல் மீன நான் கொளம்புல தான்டா பாத்துருக்கேன். அத வளக்கவா போற? வளத்து அதுக்கு எந்தப் பொண்ணக் கட்டி வைக்கப் போற?"ன்னுச்சு.

"உனக்கு மருமக வரதுக்குள்ள வீட்டுக்குக் கடல் வருது பாரு"ன்னு அண்ணன் சிரிச்சுச்சு.

சொன்னாப்லயே செஞ்சுச்சு. தேனியில சொல்லி மூணடி நீளத்துக்குத் தொட்டி கட்டிக்கிட்டு வந்துச்சு. வெல்டிங் கடையில இரும்பு ஸ்டாண்டு அடிச்சு முன் ரூமு சன்னல் ஓரத்துல வச்சுச்சு. உப்பத் தனியா வாங்கிக் கலக்குறதெல்லாம் இல்ல. லாரியில காய் எறக்குன எடத்துல வெள்ளக் கேன வரிசையா அடுக்கி, ஆலப்புழை கடல்லயே தண்ணி மொண்டுக்கிட்டு வந்துரும். மொத தடவ வரையில செக்போஸ்ட்டுல புடிச்சுக்கிட்டாகளாம். கேன்ல ஸ்பிரிட்டு கடத்துறான்னு நெனச்சுட்டாக.

"எந்தாடா இது?"

"கடல் வெள்ளம் சாரே."

"கடல் வெள்ளமோ? தமிழ்நாட்டுல குடிக்கான் வெள்ளம் இல்லே?"ன்னு, குடிக்கக்கூடத் தண்ணி இல்லையான்னு கேட்டு எல்லாரும் சிரிச்சாகளாம். அதுல ஒருத்தர் நம்பாம வெரல விட்டு நக்கிப் பாத்துட்டுத் துப்பு துப்புன்னு துப்புனாராம். அண்ணன் இதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அதுக்கப்பறம் அந்தச் செக்போஸ்ட்டுல அண்ணனுக்குப் பேரு 'கடலு'. "கடலு வந்நு, விடு"ன்னு விட்டுருவாகளாம்.

மீனு எர்ணாகுளத்துலருந்து வந்துச்சு. நாலு மீனு. செவப்பும் வெள்ளையுமா, சின்னப்புள்ளைக சட்ட போட்டாப்ல. தெருவே வந்து பாத்துச்சு. சாயந்தரம் ஆனா எங்க சன்னல்ல புள்ளைக மூஞ்சி தான் அப்பிக் கெடக்கும். அண்ணன் ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்து அவுகளுக்கு மீனப் பத்திக் கத சொல்லும். பாதி பொய்யி.

எனக்கு அந்தத் தொட்டியக் கண்டாலே ஆரம்பத்துலருந்தே பயந்தான். மீனப் பாத்தில்ல. வயரப் பாத்து. தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டே ஓடுற ஒரு பம்பு, மேல தகரச் சட்டி வச்ச டியூப் லைட்டு, காத்து குடுக்குற ஒரு டப்பா. மூணுக்கும் வயரு கண்ணாடி மேல ஏறி, பின்னால எறங்கி, ஸ்டாண்டு கால்ல கட்டித் தொங்கவிட்ட ஜங்ஷன் பாக்ஸ்ல சொருகியிருக்கும். உப்புத் தண்ணி அந்த வயரு மேலயே ஊந்து ஊந்து வரும். காஞ்சதும் வெள்ளையா பூத்து நிக்கும். துணியால தொடப்பேன். ரெண்டு நாள்ல திரும்பப் பூத்துரும். பிளக்கு மூஞ்சியிலயும் பூக்கும். ஸ்டாண்டு இரும்புல துரு வழிஞ்சு தரையில ஒழுகும். அந்த எடத்துல சிமிட்டித் தரை எப்பவும் நசநசன்னு ஈரமாத்தான் இருக்கும்.

அண்ணன் லாரிக்குப் போற நாள்ல தொட்டி என் பொறுப்பு. ஒரு நா சாயந்தரம் தோட்டத்துலருந்து வந்து, உள்ள விழுந்து செத்துக் கெடந்த ஒரு பூச்சிய எடுக்கக் கைய விட்டேன். ஏலக்கா எடுக்குற கை எங்களுக்கு எப்பவும் வெடிச்சுத்தான் கெடக்கும். கை தண்ணியில பட்டதும் கட்டெறும்பு புடுங்குனாப்ல சுரீர்னுச்சு. வெடுக்குனு இழுத்துட்டேன்.

அண்ணன் வந்ததும் சொன்னேன்.

"வெடிச்ச கையில உப்புத் தண்ணி பட்டா எரியாம குளுகுளுன்னா இருக்கும்?"

"எரிச்சல் வேற, இது வேறண்ணே. இது முழங்கை வரைக்கும் ஏறுச்சு."

"பயந்தவளுக்கு எல்லாமே ஏறும்."

நானும் ஒருவேள அப்படித்தானோன்னு நெனச்சேன். மறுநா புண்ணு இல்லாத கையா பாத்து ஒத்த வெரல மட்டும் வச்சேன். அதுவும் சுரீர்னுச்சு. அதுக்கப்பறந்தான் அண்ணன் டெஸ்டர எடுத்து தண்ணியில வச்சுப் பாத்துச்சு. மங்கலா எரிஞ்சுச்சு.

அடுத்த தெருவுல ஒயரிங் வேல பாக்குற மாமா ஒருத்தர் இருக்காக. ஒறமொறையில மாமா தான். அவுகளக் கூப்புட்டோம். வந்து தொட்டியச் சுத்திச் சுத்திப் பாத்தாக. குனிஞ்சு பாத்தாக. நிமுந்து அண்ணனப் பாத்து, "ஏலே, நீ மீனு வளக்குறியா, எமன வளக்குறியா?"ன்னாக.

அப்பறம் ஒவ்வொண்ணா காட்டுனாக. ஜங்ஷன் பாக்ஸு தொட்டிக்குக் கீழ இருக்கக் கூடாதாம், செவுத்துல தள்ளி ஒசக்க இருக்கணுமாம். வயரு நேரா பிளக்குக்குப் போகக் கூடாதாம். ஊஞ்சலு கணக்கா கீழ தொங்கி அப்பறம் மேல ஏறணுமாம். அப்பத்தான் வயரு வழியா வர்ற தண்ணி அந்த அடியிலயே சொட்டிரும், பிளக்கு வரைக்கும் போகாது. மூணு பின்னு பிளக்குல பெரிய பின்னு எதுக்குன்னு கேட்டாக. அண்ணன் முழிச்சுச்சு. எங்க வீட்டுப் பாக்ஸுல அந்த மூணாவது ஓட்டையில ஒயரே இல்ல. எர்த்தே கெடையாது. எங்க தெருவுல பாதி வீட்டுல அப்படித்தான்.

"நல்ல தண்ணியில கரண்டு நடந்து வரும்டா. உப்புத் தண்ணியில ஓடி வரும். தெரிஞ்சுக்க"ன்னாக மாமா. என்னையப் பாத்து, "ஆத்தா, நீதான் வெவரமானவ. ஆருக்காச்சும் அடிச்சா ஓடிப்போயி ஆளத் தொட்றாத. மொதல்ல மெயின அமத்து"ன்னு சொன்னாக. அந்தப் பேச்சு நெஞ்சுல ஆணி அடிச்சாப்ல நின்னுருச்சு.

மாமா வெளிய எர்த்து போட்டுக் குடுத்தாக. மெயினுக்குப் பக்கத்துல டிரிப்பர் ஒண்ணு மாட்டுனாக. கரண்டு எங்கயாச்சும் கசிஞ்சா அதுவா படக்குனு விழுந்துரும். மாட்டி சுவிச்சப் போட்டாக. படக். திரும்பப் போட்டாக. படக். பம்ப கழட்டுனதும் நின்னுச்சு. பம்பு தான் கசிஞ்சுருக்கு. அண்ணன் வேற பம்பு வாங்கி மாட்டுச்சு. நான் அன்னைக்குத்தான் நிம்மதியா படுத்தேன்.

அந்த நிம்மதி ஒரு மாசம் கூட நிக்கல. லைட்டு சட்டிக்குள்ள உப்பு பூத்து, ஈரம் கோத்து, திரும்ப டிரிப்பர் விழ ஆரம்பிச்சுச்சு. ஒரு நா நான் தோட்டத்துக்குப் போயிட்டேன், அண்ணன் லாரியில, அம்மா கண்ணாலத்துக்குப் போயிருச்சு. காலையிலயே டிரிப்பர் விழுந்துருக்கு. வீட்டுல ஆள் இல்ல. சாயந்தரம் நான் கதவத் தொறக்கையில தண்ணி அசையாம கெடந்துச்சு. ஒரு மாதிரி வாடை. ரெண்டு மீனு மெதக்குது.

அண்ணன் வந்து பாத்துச்சு. அன்னைக்குச் சோத்தப் பெசஞ்சு வச்சுட்டு எந்திரிச்சுருச்சு. மறுநா டிரிப்பரச் சுத்தி ஒயரப் போட்டு நேர் கனெக்சன் குடுத்துருச்சு.

"அண்ணே, மாமா வஞ்சுருவாக, திட்டித் தீத்துருவாக."

"நீ சொன்னாத்தான தெரியும். இது காவலுக்கு வச்ச நாயி வீட்டு ஆளையே கடிக்கிற கணக்கா இருக்கு. அடுத்த வாரம் புது லைட்டு வாங்கிருவேன். அதுவரைக்கும் தான்."

அந்த அடுத்த வாரம் வரவே இல்ல. நானும் மாமாகிட்ட சொல்லல. அண்ணன் அந்த மீனுகளப் பாத்த பார்வைய நெனச்சேன், சொல்ல வாய் வரல.

அதுக்கப்பறம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மலை மேல ஏலச்செடிக்குள்ள குத்தவச்சு காய் எடுத்துக்கிட்டே இருப்பேன், மனசு பூரா முன் ரூமுலயே கெடக்கும். இந்நேரம் அண்ணன் எந்திரிச்சுருக்கும். இந்நேரம் பாசி தேய்க்கக் கைய விட்டுருக்கும். செருப்பு போட்டுச்சா? சுவிச்ச அமத்துச்சா? தோட்டத்துல ஒரு பாற மேல ஏறுனாத்தான் டவர் கெடைக்கும். கங்காணி அக்கா அந்தப் பக்கம் திரும்புனதும் ஓடிப்போயி ஒரு மிஸ்டு கால் குடுப்பேன். அண்ணன் திருப்பி ஒண்ணு குடுக்கணும். கை வெளிய தான் இருக்குன்னு அர்த்தம். சில நாளு குடுக்க லேட்டாகும். அந்த அஞ்சு நிமிசத்துல நான் செத்துச் செத்துப் பொழைப்பேன். கூட வேல செய்யிற பொம்பளைக, "எந்த மச்சானுக்குடி மிஸ்டு காலு?"ன்னு கேலி பண்ணுவாக. அண்ணனுக்குன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாக.

அப்பத்தான் கரண்டு கட்டு வந்துச்சு. எல்லா ஊருலயும் தான். தெனம் ரெண்டு மணி நேரம், எங்க தெருவுக்குப் பத்துலருந்து பன்னெண்டு. எல்லாரும் வஞ்சாக. மில்லுக்காரக வஞ்சாக, தைக்கிறவுக வஞ்சாக, அம்மா சீரியல் போச்சேன்னு வஞ்சுச்சு. எனக்கு மட்டும் சாமி கண்ணத் தொறந்தாப்ல இருந்துச்சு. கரண்டே இல்லாட்டி கரண்டு எப்படி அடிக்கும்?

அன்னைக்கு ராத்திரி சாப்புடையில சொன்னேன். "அண்ணே, இனிமே தொட்டிக்குள்ள கைய விடுறதுன்னா கரண்டு போன பெறவு தான் விடணும். பத்துக்கு மேல. வேற எப்பவும் விடக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு."

"அடியே, நீ என்ன ஈபி ஆபீசரா?"

"பண்ணுண்ணே."

என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணுச்சு. சிரிச்சுக்கிட்டே தான். ஆனா அது சத்தியத்தக் காப்பாத்துச்சு. அதத்தான் நான் எல்லாருக்கும் சொல்லணும். தண்ணியில ஒரு குப்ப விழுந்து கெடந்தாக்கூட மறுநா பத்து மணி வரைக்கும் காத்துக் கெடக்கும். அதுக்குன்னே லாரி இல்லாத நாளா பாத்துத் தொட்டி கழுவும். ஃபேன் நின்னதும் கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, "ஆபீசரம்மா, கரண்டு போயிருச்சு, எறங்கலாமா?"ன்னு கேட்டுட்டுத்தான் கைய விடும். நான் தோட்டத்துல இருந்தா பத்து மணிக்குப் பாற மேல ஏறி நிப்பேன், போன் அடிச்சுக் கேக்கும்.

மொதல்ல கொஞ்ச நாளு சுவிச்சையும் அமத்திக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு தடவ அமத்துனத மறந்துட்டுச்சு. கரண்டு வந்தும் பம்பு ஓடாம கெடந்துச்சு. ஒரு தடவ நான் பாத்துப் போட்டேன், மீனு பொழச்சுச்சு. அப்ப அண்ணன் எங்கிட்ட கேட்டுச்சு.

"ஏ புள்ள, கரண்டே இல்லாதப்ப சுவிச்ச வேற எதுக்கு அமத்தணும்? அப்படியே கெடந்தா கரண்டு வந்ததும் பம்பு அதுவா ஓடிரும்ல?"

நான் யோசிச்சேன். நல்லா ஞாவகம் இருக்கு, கையில தட்டக் கழுவிக்கிட்டே யோசிச்சேன். "ஆமாண்ணே. பன்னெண்டுக்கு முன்ன வரவா போகுது"ன்னு சொன்னேன்.

நான் தான் சொன்னேன்.

நாலஞ்சு மாசம் அப்படியே ஓடுச்சு. பத்துன்னா டான்னு போகும், பன்னெண்டுன்னா டான்னு வரும். கடிகாரத்த அத வச்சே திருப்பி வச்சவுக இருக்காக. நானும் மிஸ்டு கால் குடுக்குறத விட்டுட்டேன். பயம் போயிருச்சு. கோட்டிக்காரி, பயத்தப் போக விட்டுட்டேன்.

அன்னைக்கு கேரளாவுல பந்த்து. ஜீப்பு ஒண்ணும் மலை ஏறல. எனக்கும் வேல இல்ல, அண்ணன் லாரியும் வீட்டு வாசல்ல நிக்கிது. பள்ளிக்கூடம் லீவு விட்ட நேரம், தெரு பூரா புள்ளைக. அம்மா ரேசன் கடைக்குப் போயிருந்துச்சு. பத்து மணிக்கு ஃபேன் நின்னுச்சு.

"ஆபீசரம்மா, எறங்கலாமா?"

"எறங்குண்ணே."

நான் பின்னால அடுப்படிக்குப் போயிட்டேன். ஊறப்போட்ட அரிசி இருந்துச்சு, கரண்டு வந்தா கிரைண்டர்ல போடணும். உளுந்தக் கழுவிக்கிட்டு இருந்தேன். முன்னால அண்ணன் தண்ணியக் கலக்குற சத்தம் கேக்குது. கண்ணாடியில பாசியத் தேய்க்கிற சத்தம் கீச்சு கீச்சுன்னு கேக்குது. இந்தப் பம்பு மூலையில ஒரே பாசின்னு என்னமோ சொல்லுச்சு. நான் "உம்"னேன்.

மணி பதினொண்ணு கூட ஆகியிருக்காது. தெருவுல புள்ளைக "ஏஏஏ"ன்னு கத்துச்சுக. கரண்டு வந்தா அப்படித்தான் கத்துங்க. எல்லா வீட்டுலயும் டிவி ஒண்ணா அலறுச்சு. எனக்கும் சந்தோசம். "அப்பாடா, இன்னைக்குச் சீக்கிரம் விட்டுட்டான்"னு சொல்லிக்கிட்டே கிரைண்டர் சுவிச்சப் போட்டேன். கல்லு ரெண்டு சுத்து சுத்துச்சு.

அப்பத்தான் ஒறச்சுச்சு. கீச்சு சத்தம் நின்னுருச்சு.

"அண்ணே"ன்னு கத்திக்கிட்டு ஓடுனேன். டியூப் லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியப் பாத்துக்கிட்டு இருக்கு. அண்ணன் ஒத்தக் கை லைட்டு தகரத்துல, ஒத்தக் கை தண்ணிக்குள்ள. வெறுங்காலு. ஈரத் தரை. வாய் தொறந்திருக்கு, சத்தம் வரல. எனக்குப் பாஞ்சு இழுக்கத்தான் காலு போச்சு. மாமா சொன்னது கேட்டுச்சு. திரும்பி ஓடி, ஸ்டூலு மேல ஏறி மெயின இழுத்தேன். அண்ணன் கீழ விழுந்துச்சு. நெஞ்சத் தேச்சேன். மூஞ்சியில தண்ணி அடிச்சேன். ஊரக் கூட்டிக் கத்துனேன். பந்த்துனால ஜீப்பெல்லாம் தெருவுலயே சும்மா தான் நின்னுச்சு. ஒரு ஜீப்புல போட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டு போனாக. டாக்டர் நாடியப் புடிச்சாரு, கண்ணு எமய வெலக்கிப் பாத்தாரு. அப்பறம் நர்சு வந்து என்னயத் தோளப் புடிச்சு வெளிய கூட்டிக்கிட்டு வந்துட்டாக.

அன்னைக்கு ஏன் கரண்டு முன்னாலயே வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஒருத்தரு நேரத்த மாத்திட்டாகன்னாக. ஒருத்தரு அன்னைக்கு லோடு கம்மின்னாக. தெரிஞ்சு என்ன செய்ய? வருதுன்னு முன்னக்கூட்டிச் சொல்றேன்னு ஆரும் எனக்கு வாக்குக் குடுக்கல. நானா தான் நம்புனேன்.

தொட்டியில மீதி இருந்த ரெண்டு மீனும் மூணா நாளு செத்துச்சு. அந்தச் சுவிச்சப் போட எங்க ஒருத்தருக்கும் கை வரல. மாமா வந்து எல்லாத்தையும் கழட்டுனாக. டிரிப்பரச் சுத்தி ஒயரு போயிருக்கதப் பாத்தாக. ஒண்ணும் வய்யல. "கரண்டு இல்லாட்டியும் பிளக்கப் புடுங்கிட்டுத்தான் கைய விடணும்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும் ஆத்தா. அது கூடவா சொல்லணும்னு விட்டுட்டேன்"னாக. அவுக கண்ணுல தண்ணி.

அப்பக்கூட நான் சொல்லல. அது என் யோசன தான் மாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

எழவு விசாரிக்கத் துட்டிக்கு வந்தவுக எல்லாரும் அசட்ட, அசட்டன்னாக. அம்மா மாருல அடிச்சுக்கிட்டு, "சுவிச்ச அமத்தணும்னு கூடத் தெரியாத பயலப் பெத்தேனே"ன்னு அழுகும். ஒவ்வொரு தடவ அது சொல்லும்போதும் எனக்குக் கொதிக்கிற எண்ணெய ஊத்துனாப்ல இருக்கும். வருசத் தெவசம் கும்புட்ட அன்னைக்கும் சித்திமாருக உக்காந்து அதே பேச்சு. அம்மா அதே அழுக. எனக்குத் தாங்கல. அம்மாவ அடுப்படிக்குக் கூட்டிக்கிட்டுப் போயி சொல்லிட்டேன். சத்தியம் வாங்குனது, கரண்டு இல்லாதப்ப மட்டும் எறங்குன்னது, சுவிச்ச அமத்த வேணாம்னது, அன்னைக்கு அண்ணன் எங்கிட்ட கேட்டுட்டுத்தான் கைய விட்டது, டிரிப்பர மாமாகிட்ட மறச்சது. எல்லாத்தையும்.

அம்மா ஓங்கி ஒரு அற விட்டுச்சு. அப்பறம் பத்து நா எங்கூடப் பேசல. சோத்தப் போட்டுத் தட்டத் தள்ளி விடும். அவ்வளவு தான். நான் அதுக்கும் தயாரா தான் இருந்தேன். பேசாட்டி பேசாம போகுது, பொய்யி எறங்கிருச்சுன்னு இருந்தேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு அத்த வந்து வாசல்ல உக்காந்துச்சு. பேச்சு எங்கயோ சுத்தி அண்ணன்கிட்ட வந்துச்சு. "என்ன செய்ய மதினி, உங்க பய கொஞ்சம் கவனமா இருந்துருந்தா"ன்னு அது இழுத்துச்சு. நான் உள்ளருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்.

அம்மா சொல்லுச்சு, "இல்ல மதினி. அவன் கவனமாத்தான் இருந்தான். தங்கச்சி சொல்லத் தட்டாம கேட்டான். எங்களுக்குத்தான் வெவரம் பத்தல."

அத்த எந்திரிச்சுப் போயிருச்சு. அம்மா உள்ள வந்து, "மாவு புளிக்கப் போகுது, எடுத்து வைடி"ன்னு எங்கிட்ட சொல்லுச்சு. பத்து நாளைக்கப்பறம் பேசுன மொதப் பேச்சு. நான் மாவுச்சட்டியப் புடிச்சுக்கிட்டு அழுதேன்.

இதப் படிக்கிறவுக ஆரு வீட்டுலயாச்சும் இப்படித் தொட்டி இருந்தா, உப்புத் தண்ணியோ நல்ல தண்ணியோ, பிளக்க முழுசா புடுங்கிக் கையில புடிச்சுப் பாத்துட்டு அப்பறம் உள்ள கைய விடுங்க. கரண்டு கட்ட நம்பாதீக. டிரிப்பர் விழுந்தா அது உங்களத் திட்டுதுன்னு நெனைக்காதீக, கூப்புடுதுன்னு நெனச்சுப் பாருங்க. எங்கள மாதிரி இருந்துறாதீக.

அப்பறம் இன்னொண்ணு. எங்க அண்ணன் யாருக்கும் கெடுதல் நெனச்சதில்ல. சொன்ன சொல்லக் காப்பாத்தப் போயித்தான் போச்சு. நீங்க கோயிலுக்குப் போறவுகளோ, சர்ச்சுக்குப் போறவுகளோ, பள்ளிவாசலுக்குப் போறவுகளோ, எந்தச் சாமிக்கு முன்ன நின்னாலும் சரி, உங்க வேண்டுதல் முடிஞ்ச பெறவு அண்ணனுக்காகவும் ஒரு வார்த்த சேத்துக்கங்க. பேரு தெரியலையேன்னு விட்டுறாதீக. கூடலூர்ல ஒருத்தி அவ அண்ணனுக்காகக் கேட்டான்னு சொல்லுங்க, சாமிக்குத் தெரியும். எல்லாரும் வேண்டிக்கங்க.